பன்னிரண்டு நூல் கனம்

தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுக் கதவில் பொருத்து என்று ஒன்றும் கிடையாது. ஐந்தாறு பலகையை நெட்டுக்கு நிறுத்தி, பின்பக்கம் மூன்று குறுக்குக் கட்டை, அவற்றுக்கு நடுவே சாய்வுக் கட்டை. எல்லாமே ஆணி. ஆணியின் முனை மறுபக்கம் எட்டிப் பார்த்தால் மடக்கித் தட்டி மரத்துக்குள்ளேயே அமுக்கிவிடுவார்கள். மலாக்கா மாநிலத்து ஜாசின் வட்டாரத்தில் நான் பிறந்த தோட்டத்தில் இந்தக் கதவுகளைப் பழுதுபார்க்க ஓர் ஆசாரி இருந்தார். குலத்தொழிலால் ஆசாரி இல்லை. செக்ரோல் என்ற ஆள்கணக்குப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே கார்பெண்டர் என்று எழுதியிருந்தது, அதனால் ஆசாரி. பால் கொட்டகைத் தொட்டிக்குத் தடுப்புப் பலகை, பள்ளிக்கூடத்துப் பெஞ்சு, ஆயாக் கொட்டகையின் படல், யாராவது தவறிவிட்டால் பெட்டி என்று தோட்டத்தில் மரம் சம்பந்தப்பட்ட எல்லாம் அவர் கையில்தான் முடியும்.

அவர் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அந்தச் சாய்வுக் கட்டை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை. கீல் இருக்கும் பக்கம் கீழே தொடங்கி, தாழ்ப்பாள் பக்கம் மேலே ஏற வேண்டும். "டேய், கட்டை கீழருந்து முட்டுக் குடுக்கணும்டா, மேலருந்து இழுக்கக் கூடாது" என்பார். கதவு எப்போதும் தாழ்ப்பாள் பக்கம்தான் தொங்கப் பார்க்கும். சரியாகச் சாய்த்திருந்தால் அந்தப் பாரம் கட்டை வழியாக இறங்கி அடிக் கீலில் போய் உட்கார்ந்துகொள்ளும். மாற்றிச் சாய்த்தால் கட்டை இழுபட்டு, ஆணி தளர்ந்து, சில மாதத்தில் கதவு தரையைத் தேய்க்க ஆரம்பிக்கும். செம்பனைக்கு மாறிவிட்ட தோட்டங்களில் இன்னும் இடிக்காமல் கிடக்கும் பழைய லயங்களைப் பார்க்க நேர்ந்தால் என் கண் முதலில் அந்தக் கட்டைக்குத்தான் போகிறது. மாற்றிச் சாய்த்தவை நிறைய.

ஆணிக் கதவை நான் மட்டமாகப் பேசவில்லை. அரை நாளில் ஒரு கதவு முடிந்துவிடும், உடைந்தால் ஒரு பலகையை மட்டும் மாற்றலாம். ஆனால் அது ஏன் ஆணிக் கதவாக இருந்தது என்பதற்கு வேலைச் சுலபம் மட்டும் காரணமில்லை. வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரைதான் குடியிருப்பு. 1967இல் புக்கிட் அசகான் தோட்டத்து மக்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர்வரை நடந்தே போன கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வேலை போனால் வீடும் போகும் என்பது யாரும் எடுத்துச் சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட வீட்டுக்கு யார் துளையடித்து, நாக்கு இறக்கி, ஆப்பு அடித்துக் கதவு செய்வார்கள்? இரண்டு தலைமுறை நிற்கும் கதவு, அந்த வீட்டில் இரண்டு தலைமுறை இருக்கப்போகிறவனுக்குத்தான் தேவை. பொருத்து வைத்த கதவை நான் முதன்முதலில் தொட்டுப் பார்த்தது மலாக்கா டவுனுக்கு வந்த பிறகுதான்.

மூன்றாம் படிவத்தோடு என் படிப்பு நின்றது. என் வயதுப் பிள்ளைகள் பலர் பத்து பெரண்டாம் தொழிற்பேட்டைக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்த காலம். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் பெரும்பாலும் பெண்பிள்ளைகளைத்தான் கேட்டன. தாய்மாமா ஒருவர் பாச்சாங் பக்கம் கதவு ஜன்னல் செய்யும் ஒரு சீனர் பட்டறையில் லாரி ஓட்டினார். "பையனுக்குக் கை ஓடும் தவுக்கே" என்று சொல்லி என்னை அங்கே விட்டுவிட்டுப் போனார். தவுக்கே, அதாவது முதலாளி, கன்டோனீஸ்காரர். என்னிடம் பாசார் மலாய் பேசுவார், பெயர் சொல்ல மாட்டார், தம்பி என்பார். அங்கே இருந்த நாலைந்து தமிழ்ப் பையன்களுமே தம்பிதான். யாரைக் கூப்பிடுகிறார் என்பதைக் குரலின் சூட்டை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அளவில் எங்களுக்குள் தகராறு வரவில்லை. தோட்டத்து ஆசாரி ஒரு இஞ்சை எட்டு நூலாகப் பிரிப்பார். தவுக்கேயும் ஒரு இஞ்சை எட்டாகப் பிரித்து அதைப் 'பன்' என்பார். அவருடைய நாலு பன்னும் என்னுடைய நாலு நூலும் ஒரே அரை இஞ்சு. நாடு மெட்ரிக்குக்கு மாறிய பிறகும் மரக்கடையில் இஞ்சும் அடியும்தான் ஓடின. அறுத்த மரத்துக்கு ஒரு டன் என்றால் எடையைப் பார்க்க மாட்டார்கள், 50 கன அடிதான் கணக்கு. எடையால் கணக்குப் போட்டால் மரத்துக்கு மரம் ஏமாற்றமாகப் போகும். செங்கால் மரம் காய்ந்த நிலையிலேயே கன மீட்டருக்கு ஏறக்குறைய 950 கிலோ இருக்கும். இளமெராந்தி அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும்.

ஆரம்பத்தில் என் வேலை மரம் அடுக்குவதும் உளி தீட்டுவதும்தான். அந்தக் காலம் வீண் என்று அப்போது நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை, அடுக்கும்போதுதான் மரம் அடையாளம் தெரிய ஆரம்பித்தது. காப்பூரை அறுத்தால் கற்பூர வாசம் அடிக்கும். மெர்பாவ் மழையில் நனைந்தால் பழுப்புச் சாயம் கக்கி, கீழே சிமெண்டுத் தரையைக் கறையாக்கிவிடும். 2019இல் அதைத்தான் தேசிய மரமாக அறிவித்தார்கள். பாலாவ் உளியின் கூரைத் தின்னும். வெளிவாசல் நிலைக்குச் செங்கால், முடியாவிட்டால் பாலாவ். கதவுக்குக் கருமெராந்தி. உள்ளே, தண்ணீர் படாத இடத்துக்கு ஞாத்தோ. மலாக்காவுக்குப் பெயர் வந்தது நெல்லி மரத்தால் என்று சொல்வார்கள், ஆனால் அந்த மரத்தால் தச்சனுக்கு ஒரு காசு பிரயோசனமில்லை.

தோட்டத்துப் பிள்ளையான எனக்கு விசித்திரமாக இருந்தது ஒன்றுதான். பிறந்ததிலிருந்து சுற்றி நின்ற கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், அந்தப் பட்டறையில் ஒரு துண்டுகூட இல்லை. எங்களுக்கு அது விறகு. இருபத்தைந்து முப்பது வருடத்தில் பால் வற்றியதும் சாய்த்து, ரப்பர் ஷீட்டைப் புகை காட்டும் கூடத்தில் எரிப்பார்கள். வெட்டிய சில நாளிலேயே நீலம் பூத்து, வண்டு துளைத்து மாவாகக் கொட்டும் மரம் அது. கெப்போங் வன ஆராய்ச்சிக்காரர்கள் அதற்கு போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தும் வழியைப் பக்குவப்படுத்திய பிறகு, எண்பதுகளில் அது நாற்காலியும் மேசையுமாகக் கப்பலேறியது. கதவுக்கு மட்டும் இன்றைக்கும் அதை நான் தொடுவதில்லை, வாசலில் மழை படும்.

இனி பொருத்துக்கு வருகிறேன். சட்டக் கதவு என்பது இரண்டு நெடுஞ்சட்டம், மூன்று குறுக்குச் சட்டம், நடுவே பலகை. குறுக்குச் சட்டத்தின் முனையைச் செதுக்கி நாக்காக்கி, நெடுஞ்சட்டத்தில் அடித்த துளைக்குள் செலுத்துகிறோம். மலாய்க்காரர்கள் லூபாங், பூத்திங் என்பார்கள், பட்டறையில் நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். கதவின் கனம் ஒன்றரை இஞ்சு, அதாவது பன்னிரண்டு நூல். நாக்கின் கனம் அதில் மூன்றில் ஒன்று, நாலு நூல். அரை இஞ்சு உளியின் அகலமும் அதுவே. இந்தக் கணக்கு எவ்வளவு வசதி என்று கையில் உளி பிடித்தவனுக்குத்தான் தெரியும். துளையை எந்த உளியால் அடிக்கப் போகிறோமோ அந்த உளியையே வைத்து, இரட்டை முள் வைத்த கோடு இழுக்கும் கட்டையைத் திருத்திக்கொள்வோம். அளவுகோலை எடுப்பதே இல்லை. உளி தேய்ந்து தேய்ந்து மயிரிழை குறைந்திருந்தாலும் துளையும் நாக்கும் அதே மயிரிழை குறைந்து ஒன்றுக்கொன்று சேர்ந்துவிடும்.

கோடு எப்போதும் ஒரே முகத்திலிருந்துதான் இழுக்க வேண்டும். இழைத்து நேராக்கிய நல்ல முகத்தில் பென்சிலால் ஒரு சுழி போட்டுவிடுவோம். ஐந்து சட்டத்திலும் சுழி ஒரே பக்கம் பார்க்க வேண்டும். சட்டங்களின் கனத்தில் அரை நூல் வித்தியாசம் இருந்தாலும், சுழிப் பக்கம் சமமாக வந்துவிடும், ஏற்றத்தாழ்வெல்லாம் பின்பக்கம் ஒதுங்கும். பின்பக்கத்தை இழைப்புளியால் சரிக்கட்டிக்கொள்ளலாம். இரண்டு நெடுஞ்சட்டத்தையும் சேர்த்துக் கவ்வியில் பிடித்து ஒரே தடவையில் குறுக்குக் கோடு போடுவார் தவுக்கே. தனித்தனியாக அளந்து போட்டால் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் வரும், கதவைக் கூட்டிய பிறகு அது நன்றாகவே தெரியும்.

துளையடிப்பது பார்க்க முரட்டு வேலை. உளியைச் செங்குத்தாக நிறுத்தி, கொட்டாப்புளியால் அடி, கொஞ்சம் தள்ளி இன்னோர் அடி, நெம்பிச் சில்லை எடு. கோட்டுக்கு ஒரு நூல் முன்னாலேயே நிறுத்திக்கொண்டு, கடைசியில்தான் கோட்டில் உளி வைக்க வேண்டும். நெம்பும்போது துளையின் விளிம்பு நசுங்கும், அந்த நசுங்கல் கோட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்பதற்காக. பாதி ஆழம் போனதும் சட்டத்தைப் புரட்டி மறுபக்கமிருந்து அடிக்க வேண்டும். ஒரே பக்கமிருந்து அடித்து மறுபக்கம் பிதுங்க விட்டால் மரம் பிளந்து சிம்பு சிம்பாகப் பெயரும். இரண்டு பக்கத் துளையும் நடுவில் சந்திக்கும் இடத்தில் சின்ன மேடு தங்கும். அதை உளியால் வழித்து எடுத்து, விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்போம். பத்து கதவுக்குத் துளையடித்தால் அறுபதுக்கு மேல் துளை. இடுப்பு கழன்றுவிடும். துளையடிக்கும் மெஷின் பட்டறைக்கு வந்த அன்று தவுக்கேயைவிட நாங்கள்தான் அதிகம் சந்தோஷப்பட்டோம். கைவேலை போயிற்றே என்று யாராவது வருத்தப்பட்டால், அவர் பாலாவ் மரத்தில் துளையடித்தவர் இல்லை என்று நான் முடிவுகட்டிக்கொள்வேன்.

நாக்கு அறுப்பதுதான் நிதானம் கேட்கும் வேலை. நாக்கின் அகலமான பக்கமாகிய கன்னத்தை முதலில் நெட்டுக்கு அறுத்து, அது சட்டத்தோடு சேரும் இடத்துப் படியாகிய தோளைக் கடைசியில் அறுக்க வேண்டும். தோள் கோட்டைப் பென்சிலால் போடக்கூடாது. கத்தியால் கீற வேண்டும், அப்போதுதான் நார் சிலும்பாமல் விளிம்பு கண்ணாடி மாதிரி நிற்கும். கதவை வாங்குகிறவன் வெளியே பார்ப்பது அந்தத் தோள் கோட்டை மட்டும்தான், உள்ளே நாக்கு எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கதவைத் தாங்குவது உள்ளே இருக்கும் அந்தக் கன்னம். கையால் அழுத்தினால் நாக்கு பாதி போக வேண்டும், மீதியைக் கொட்டாப்புளி தட்டித் தள்ள வேண்டும். அதற்கு மேல் இறுகினால் நெடுஞ்சட்டம் பிளக்கும். "ஜாங்ஙான் பாக்சா, தம்பி" என்பார் தவுக்கே. வற்புறுத்தாதே என்று அர்த்தம். எழுந்து வந்து நாக்கை வெளியே உருவி, எங்கே பளபளப்பாக உரசியிருக்கிறதோ அந்த இடத்தில் மட்டும் உளியால் ஒரு சீவல் எடுப்பார். திரும்பச் செருகினால் சரியாக இறங்கும்.

மேல் குறுக்குச் சட்டத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. அதன் நாக்கை முழு அகலத்துக்கும் விட்டால், நெடுஞ்சட்டத்தின் மேல் முனை திறந்த வாயாகிவிடும், பிடிப்பு இருக்காது. அதனால் நாக்கின் மேல் பகுதியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டு, அந்த இடத்தில், நடுப் பலகை உட்காரும் காடியின் ஆழத்துக்கு மட்டும் ஒரு குட்டை நாக்கை விட்டுவைப்போம். குட்டை நாக்கு சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் பிடிக்கும், மேலே கட்டை மரம் முழுசாக நிற்கும். அடிச் சட்டம் அகலமானது, அதற்கு ஒரே பெரிய நாக்கு வைத்தால் சுருங்கும்போது தளர்ந்துவிடும். இரண்டு நாக்காகப் பிரித்து நடுவே குட்டையாக விட வேண்டும். நெடுஞ்சட்டத்தை மேலும் கீழும் ஒன்றரை இஞ்சு கூடுதலாகவே அறுத்துக்கொள்வோம், அந்த மிச்சத்துக்குக் கொம்பு என்று பெயர். ஆப்பு அடிக்கும்போது முனை பிளக்காமல் காப்பது கொம்புதான். லாரியில் ஏற்றி இறக்கும்போது மூலை நசுங்காமல் காப்பதும் அதுவே. கதவை மாட்டுகிற அன்றுதான் கொம்பை அறுக்க வேண்டும்.

ஆப்புக்காகத் துளையின் வெளிவாயை இரண்டு முனையிலும் ஒரு நூல் அகலப்படுத்துவோம். நாக்கு உள்ளே போனதும் மேலும் கீழும் ஆப்பு வைத்து, இதில் ஓர் அடி, அதில் ஓர் அடி என்று மாற்றி மாற்றி அடித்தால், நாக்கு வெளிப்பக்கம் விரிந்து புறாவால் போல ஆகிவிடும், பின்னோக்கி வர வழியே இல்லை. பசை காய்ந்து உதிர்ந்தாலும் கதவு பிரியாது. நிஜப் புறாவால் பொருத்து கதவுக்கு வேண்டியதில்லை, அது இழுப்பறைக்கு ஆனது.

இதெல்லாம் இறுக்குகிற வேலை. விட்டுப்பிடிக்கிற வேலை ஒன்று இருக்கிறது, அதைத்தான் கற்றுக்கொள்ள எனக்கு நாள் பிடித்தது. நடுப் பலகை சட்டத்தின் காடிக்குள் உட்கார வேண்டும், ஆனால் ஒட்டக்கூடாது. ஒரு சொட்டுப் பசைகூட அங்கே போகக்கூடாது. மரம் நெட்டு வாக்கில் ஏறக்குறைய அசையாது, அகலத்தில் அசையும். நம் ஊர்க் காற்றில் மரத்தின் ஈரம் பதினைந்து விழுக்காட்டைச் சுற்றி ஏறி இறங்கும். பத்து இஞ்சு அகல மெராந்திப் பலகை, ஜனவரி பிப்ரவரி வெயிலுக்கும் ஆண்டுக் கடைசி மழைக்கும் இடையில் கிட்டத்தட்ட ஒரு நூல் வரை சுருங்கி விரியும். அந்த ஒரு நூலுக்குக் காடியில் இடம் விட்டிருக்க வேண்டும். ஒட்டிவிட்டால் பலகை நடுவே வெடிக்கும், இடமே விடாவிட்டால் பலகை உப்பி நெடுஞ்சட்டத்தைத் தள்ளிப் பொருத்தையே திறந்துவிடும். மழைக்காலத்தில் செய்கிற கதவுக்கு இடைவெளி குறைவாக விடலாம், பலகை ஏற்கெனவே உப்பித்தான் இருக்கிறது. வெயிலில் செய்கிற கதவுக்குத் தாராளமாக விட வேண்டும். எந்த மாதத்தில் செய்கிறோம் என்பதைக் கதவு ஞாபகம் வைத்துக்கொள்ளும். இந்தக் கணக்கை எந்த மெஷினிலும் இன்னும் பூட்டவில்லை.

பட்டறையில் அலோர் காஜாக்காரர் ஒரு மலாய்ப் பெரியவர் இருந்தார். பாக் சிக் என்று கூப்பிடுவோம். அவர் ஆப்பை அவ்வளவாக நம்ப மாட்டார், அவருக்கு மர ஆணிதான், பாசாக். மலாய்க் கம்பத்து வீடுகள் தூணும் விட்டமுமாகத் துளை, நாக்கு, பாசாக் மட்டும் வைத்து நிற்பவை. வேண்டுமென்றால் ஆணிகளைத் தட்டியெடுத்து, வீட்டைக் கழற்றி வேறு ஊரில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். கம்போங் மோர்தெனில் சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுக்கிற வீடுகளைப் பார்க்கும்போது, படிக்கட்டில் பதித்த பூப்போட்ட ஓடுகளை விட்டுவிட்டுத் தூணின் முனையை உற்றுப் பாருங்கள்.

பாக் சிக் செய்வது இதுதான். நெடுஞ்சட்டத்தில் ஆணித் துளை போட்டு, நாக்கைச் செருகி, துளை வழியே நாக்கின் மேல் ஒரு புள்ளி வைப்பார். நாக்கை உருவி எடுத்து, புள்ளியில் துளை போடாமல் அரை நூல் தோள் பக்கம் தள்ளிப் போடுவார். திரும்பச் செருகினால் இரண்டு துளையும் நேராக இருக்காது. எட்டுப் பட்டையாகச் செதுக்கி, நுனியைக் கூராக்கிய காய்ந்த செங்கால் ஆணியை அடித்தால், ஆணி வளைந்து போய் நாக்கைத் தோள்வரை இழுத்துக் கட்டிவிடும். கவ்வி தேவையில்லை, பசை தேவையில்லை. அரை நூலுக்குப் பதில் ஒரு நூல் தள்ளினால் ஆணி முறியும், இல்லை நாக்கு பெயரும். அவர் அளந்து போட்டு நான் பார்த்ததில்லை, கட்டைவிரல் நகத்தால் அழுத்தி ஒரு தடம் வைப்பார், அது அரை நூலாகத்தான் இருக்கும். வெளிவாசல் நிலைக்கு இன்றுவரை நான் இந்த முறையைத்தான் வைத்திருக்கிறேன்.

நிலை என்றதும் அதை நிறுத்தும் அன்று வைக்கும் பூஜைச் சாமான் ஞாபகம் வருகிறது: மாவிலை, மஞ்சள் துணியில் முடிந்த நவதானியம், சில்லறைக் காசு, சந்தனம். எண்பதுகளின் பிற்பாதியிலிருந்து தோட்டத்தை விட்டு வந்தவர்கள் அலோர் காஜாவிலும் டுரியான் துங்கலிலும் சொந்த வீடு கட்ட ஆரம்பித்தார்கள். சேமநிதிப் பணத்தைப் போட்டுக் கட்டிய வீடுகள். அந்த வீட்டுக்காரர்கள் முதலில் என்னிடம் கேட்டது வாசக்காலைத்தான். சமையலறைக் கதவு ஒட்டுப்பலகையானாலும் பரவாயில்லை, வாசக்கால் மட்டும் செங்காலில், கையால் பொருத்து வைத்து வேண்டும் என்பார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. என் அப்பாவும் அதையேதான் கேட்டார்.

ஆனால் அளவில்தான் கூத்து. வீடு கட்டுகிற காண்ட்ராக்டர் சீனர் என்றால் அவர் கையில் லு பான் டேப் இருக்கும். தச்சர்களின் குருவாக அவர்கள் கும்பிடும் லு பான் பெயரால் வழங்கும் அளவு அது, இரும்புச் சாமான் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். ஏறக்குறைய 43 சென்டிமீட்டரை எட்டுக் கட்டமாகப் பிரித்து, நாலு கட்டம் நல்லது சிவப்பில், நாலு கட்டம் கெட்டது கறுப்பில் போட்டிருப்பார்கள். ஒரு கட்டம் இரண்டு இஞ்சுக்குக் கொஞ்சம் மேல். வாசலின் உள்ளளவைச் சரியாக மூன்றடி வைத்தால் அது நோய்க் கட்டத்தில் விழும். அரை இஞ்சு குறைத்தால் செல்வக் கட்டம். நம் ஆள் மனையடி சாஸ்திரக் குறிப்பைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வேறோர் அளவு சொல்வார். இரண்டு பேரும் ஒத்துப்போகும் அளவைத் தேடி, நிலைச் சட்டத்தில் கதவு வந்து உட்காரும் படியை ஒரு நூல் ஆழப்படுத்தி, இன்னொரு நூல் குறைத்து, இரண்டு சாமியையும் சமாதானப்படுத்திய நிலைகள் மலாக்கா மாநிலத்தில் நிறைய நிற்கின்றன.

சாஸ்திரத்தைவிட நிலைக்காலின் அடிதான் எனக்குக் கவலை. சிமெண்டுத் தரைக்குள் மரத்தைப் புதைத்தால் செங்காலே ஆனாலும் அடியில் ஈரம் ஏறும், கரையான் அந்த வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். காலின் அடியில் ஓர் இரும்புக் கம்பியை இறக்கி, கம்பியை மட்டும் தரையில் பதித்து, மரத்தைத் தரைக்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும். சுவர் பக்கம் போகும் முதுகுக்கு பிரைமர் அடிக்க வேண்டும், பூச்சுக்குப் பிறகு அங்கே யாரும் போக முடியாது. மேல்சட்டத்தை இரண்டு பக்கமும் நீட்டி விட்டு, அந்தக் கொம்புகளைச் சுவருக்குள் கட்டிவிட்டால் நிலை அசையாது.

ஜன்னலைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, அந்தத் தொழில் என் கண் முன்னாலேயே போய்விட்டது. நான் சேர்ந்தபோதே, கண்ணாடிப் பட்டைகளை வரிசையாகத் திறந்து மூடும் 'நாக்கோ' ஜன்னல் எல்லா வீட்டிலும் ஏறிவிட்டது. பிறகு அலுமினியம் வந்து மிச்சத்தையும் முடித்தது. ஜன்னலுக்குப் பொருத்து கதவுக்கு உள்ளதேதான், அளவு சின்னது. கண்ணாடிக் கம்பிகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் பாதிக்குப் பாதி வெட்டி உட்கார வைப்போம். கவனிக்க வேண்டியது கீழ்ச்சட்டம்: வெளிப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும், அதன் அடிவயிற்றில் விளிம்போரமாக ஒரு சின்னக் காடி ஓட வேண்டும். சுவரை நோக்கி ஊர்ந்து வரும் மழைநீர் அந்தக் காடியில் வந்ததும் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். அலுமினிய ஜன்னலில் ஒழுகுகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் தேடுவது அதைத்தான், இருப்பதில்லை.

2008 ஜூலையில் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு, கையால் பொருத்து வைக்கத் தெரிந்தவர்களை மறுபடியும் தேட ஆரம்பித்தார்கள். ஹீரன் தெரு, ஜோங்கர் தெருப் பக்கத்துப் பழைய வீடுகளின் கதவைக் கழற்றியபோது நான் கற்றது, பட்டறையில் கற்றதற்குக் குறைவில்லை. அந்தப் பெருங்கதவுகளில் கீலே இல்லாதவை உண்டு. சட்டத்தின் மேல்முனையும் கீழ்முனையும் உருண்டையான குடுமியாகி, மேலும் கீழும் குழியில் சுழலும். நம் கோயில் கதவும் அப்படித்தானே சுழல்கிறது. ஆறு திருகாணி தாங்கும் பாரத்தைக் கீழ்க்குழி ஒன்றே தாங்கிவிடுகிறது. குடுமி தேய்ந்தால் கதவு இறங்கும், அப்போது குழிக்குள் ஒரு பித்தளைத் தகடு போட்டால் எழுந்து நிற்கும். எட்டாம் எண் ஹீரன் தெரு வீட்டை பாடான் வாரிசான் என்ற மரபுடைமைக் காப்பு அமைப்பு எப்படிப் பழுதுபார்த்தது என்று பார்த்து வந்த இளம் கட்டடக்கலைஞர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் பெயிண்டைப் பற்றியே இருந்தன. பொருத்தைப் பற்றிக் கேட்டவர் ஒருவர், ஒரு பெண். கழற்றிப் போட்ட சட்டத்தை எடுத்து நாக்கின் கன்னத்தில் இருந்த ரம்பத் தடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இது எந்தப் பக்கமிருந்து அறுத்தது என்று கேட்டார். நல்ல கேள்வி.

இப்போது என் பட்டறையில் தமிழ்ப் பையன்கள் இல்லை. திறன் மேம்பாட்டுத் துறை அனுபவத்தை மதிப்பிட்டே சான்றிதழ் கொடுக்கிறது, பயிற்சிக் கழகங்களில் தச்சு வகுப்பும் நடக்கிறது. படித்துவிட்டு வருகிறவர்கள் அலமாரி வேலைக்குப் போகிறார்கள், ஒட்டுப்பலகையும் திருகாணியும் வேகமாகக் காசு தரும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானும் மாதத்தில் பாதி நாள் அலமாரிதான் செய்கிறேன். ஆனால் கதவு கேட்டு வருகிறவர்களுக்குக் கடையில் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவேன். கதவின் பக்க விளிம்பைப் பாருங்கள். நெடுஞ்சட்டத்தில் நாக்கின் முனை நீள்சதுரமாக, இரண்டு ஓரத்திலும் ஆப்போடு தெரிந்தால் அது துளைத்துப் பொருத்தியது. ஒன்றுமே தெரியாவிட்டால் உள்ளே உருண்டைக் குச்சியும் பசையும் இருக்கலாம், உள்ளறைக்கு அது போதும், மழை அடிக்கும் வாசலுக்கு நான் வைக்க மாட்டேன். பலகையைக் கையால் தட்டிப் பாருங்கள், லேசாக ஆடினால் பயப்பட வேண்டாம், ஆட வேண்டியதுதான். மாட்டிய பிறகு பெயிண்ட்காரர் இரண்டு முகத்துக்கும் பக்க விளிம்புக்கும் அடித்துவிட்டுச் சம்பளத்துக்கு நிற்பார். கதவின் உச்சியும் அடியும் யாருக்கும் தெரியாத இடம், மரம் தண்ணீர் குடிக்கும் இடமும் அவைதான். மாட்டுவதற்கு முன்னாலேயே அந்த இரண்டுக்கும் அடிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.